"கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க": வீட்டை நாள் வாடகைக்கு விடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

கொடைக்கானலில் வில்பட்டி பக்கம் எங்களுக்கு ரெண்டு படுக்கையறை வீடு ஒன்று இருக்கிறது. ஏழு வருஷமாக நாள் வாடகைக்கு விடுகிறேன். நான் இருப்பது மதுரையில். வீட்டைப் பார்த்துக்கொள்வது அங்கேயே இருக்கிற ஒரு அண்ணனும் அவர் மனைவியும். போன், மெசேஜ், பேரம், திட்டு எல்லாம் என் தலையில். புதிதாக ஹோம்ஸ்டே ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் கேட்பது சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான் என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ரூபாய்க் கணக்கெல்லாம் என் வீட்டுக்கானது, உங்களுடையதை நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

எடுத்த எடுப்பிலேயே "லாஸ்ட் ரேட் என்ன?" என்கிறார்கள். கோபமாக வருகிறது. என்ன செய்வது?

கோபப்படாதீர்கள். கத்தரிக்காய் வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும். கேட்டுப் பார்ப்பதில் அவருக்குக் காசா பணமா? அவர் உங்கள் வீட்டை மட்டம் தட்டவில்லை, இன்னும் அதன் போட்டோவைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்.

நான் ரேட்டே சொல்ல மாட்டேன். "எந்தத் தேதி, எத்தனை இரவு, குழந்தைகளைச் சேர்த்து எத்தனை பேர்?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் அதோடு காணாமல் போய்விடுவார்கள். அவர்கள் பத்து இடத்தில் ஒரே மெசேஜைப் போட்டுவிட்டு எது மலிவு என்று பார்க்கிறவர்கள், நமக்கு வேலை மிச்சம். தேதியோடு பதில் வந்தால்தான் பேச்சே ஆரம்பம்.

எவ்வளவு வரை குறைக்கலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், வேறு வழியே இல்லை. முதல் ரெண்டு வருஷம் நான் கணக்கில்லாமல் குறைத்துக் கொடுத்து, வீடு நிறைந்த மாதிரியும் இருந்து கையில் ஒன்றும் நிற்காமலும் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

சாதாரண நாளில் என் வீடு ஒரு இரவுக்கு 4,500. ஒருவர் வந்து ஒரு இரவு தங்கிப் போனால் சுத்தம் செய்ய 500, போர்வை, விரிப்பு, துண்டு சலவைக்கு 400, கீசரும் ஹீட்டரும் இழுக்கிற கரன்ட் 250, பால், டீத்தூள், சோப்பு வகையறா 150, குடிதண்ணீர் கேன் 50. ஆக 1,350. இது ஆள் வந்தால் மட்டும் ஆகிற செலவு. அப்புறம் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு: அண்ணன் சம்பளம், வைஃபை, வரி, பெயின்ட், கசிகிற குழாய், எல்லாம் சேர்த்து மாசம் 26,000. சராசரியாக மாசத்தில் 13 இரவு நிறைகிறது, அப்படியென்றால் ஒரு இரவின் தலையில் 2,000. ரெண்டையும் கூட்டினால் 3,350. இதோடு புக்கிங் ஆப் கமிஷன். ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், நான் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

இப்போது பாருங்கள். 4,500க்குக் கொடுத்தால் கமிஷன் போக 3,825. செலவு போக நிற்பது 475. ஒருத்தர் "பத்து பர்சன்ட் குறைங்க, பெரிய விஷயமா?" என்று கேட்டு நீங்களும் சரி என்றால் ரேட் 4,050, கமிஷன் போக 3,442, கையில் நிற்பது 92 ரூபாய். அவர் கேட்டது பத்து சதவீதம், போனது லாபத்தில் எண்பது சதவீதம். 20 சதவீதம் குறைத்தால் நீங்கள் 290 ரூபாய் கைக்காசு போட்டு அவரைத் தங்க வைக்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கணக்கைத் துண்டுச்சீட்டில் எழுதி போன் கவருக்குள் வைத்திருக்கிறேன். பேரம் பேசுகிறவர் குரல் இனிமையாக இருக்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

சும்மா கிடக்கிற வீட்டுக்கு வந்தவரை லாபம்தானே? நாளைக்குக் காலி, ஒருவர் 2,500க்குக் கேட்கிறார்.

உண்மைதான், இந்த இடத்தில் கணக்கு மாறும். நாளைக்குக் காலியாகக் கிடக்கப் போகிற இரவுக்கும் அண்ணன் சம்பளம் எப்படியும் போகத்தான் போகிறது, அதனால் 1,350யும் கமிஷனும் தாண்டி வந்தால், அதாவது 1,600க்கு மேல் எது வந்தாலும் அன்றைக்கு நஷ்டமில்லை. ஜூலை, ஆகஸ்ட் செவ்வாய்க்கிழமைகளில் நானே கொடுத்திருக்கிறேன்.

ஆனால் 3,000க்குக் கீழே போவதை நிறுத்திவிட்டேன். பணத்துக்காக என்று சொல்ல மாட்டேன். 2,000க்கு வந்த கூட்டம் ரெண்டு தடவை விடிய விடிய ஹீட்டரைப் போட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது ஒரு காரணம். இன்னொன்று, 2,000க்கு வந்தவர் அடுத்த வருஷம் மே மாசத்துக்குக் கூப்பிட்டு "போன தடவை ரெண்டாயிரம்தானே வாங்கினீங்க" என்பார். அவர் நண்பரும் கூப்பிடுவார். ஒரு தடவை குறைத்த ரேட் ஊருக்கே தெரிந்த ரேட் ஆகிவிடும்.

அப்படியானால் தள்ளுபடியே கொடுக்கக் கூடாதா?

தாராளமாகக் கொடுங்கள், பதிலுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஒரு இரவு கேட்டவர் மூன்று இரவு தங்கினால் சுத்தம் செய்வதும் சலவையும் ஒரு தடவைதான். மேலே சொன்ன கணக்கில் இரவுக்கு 600 ரூபாய் எனக்கு மிச்சமாகிறது, அதில் 400ஐ அவருக்குக் கொடுப்பதில் எனக்கு என்ன கஷ்டம்? சனி, ஞாயிறை விட்டு திங்கள் முதல் வியாழனுக்கு மாற்றிக்கொண்டால் குறைப்பேன். ஆறு பேர் என்று சொன்னவர் நாலு பேராக வந்தால் குறைப்பேன். ராத்திரி 11 மணிக்கு வந்து சேர்வதாகச் சொல்பவர் மதியம் 3 மணிக்கு வந்தால்கூட நூறு, இருநூறு குறைப்பேன், அண்ணன் நேரத்தோடு தூங்கலாம்.

ஒன்றும் மாறாமல் வெறுமனே "குறைங்க" என்றால் குறைக்க மாட்டேன். முதலில் சொன்ன விலை பொய் என்று நானே ஒப்புக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். ஏர்பிஎன்பி என்கிற புக்கிங் ஆப்பில் 7 இரவோ அதற்கு மேலோ தங்கினால், 28 இரவோ அதற்கு மேலோ தங்கினால் என்று தள்ளுபடியை முன்கூட்டியே போட்டு வைக்க வசதி இருக்கிறது. போட்டு வைத்துவிட்டால், கேட்பவரிடம் "அங்கேயே இருக்கு பாருங்க" என்று முடித்துவிடலாம்.

முடியாது என்பதை எப்படி எழுதுவது? எனக்கு ரெண்டு பாரா போய்விடுகிறது.

ரெண்டு வரி போதும். நான் அனுப்புவது: "சார், இந்தத் தேதிக்கு 7,500தான். ஜூன் 20க்கு மேல் திங்கள் டு வியாழன் வர முடிஞ்சா 4,500க்குத் தரலாம், சொல்லுங்க."

கரன்ட் பில் ஏறிவிட்டது, பாத்ரூம் புதுசாகக் கட்டினோம் என்றெல்லாம் காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதோடும் பேரம் பேசுவார்கள், "அப்போ ஹீட்டர் வேண்டாம், எவ்வளவு குறைப்பீங்க?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டிசம்பரில். மன்னிப்பும் கேட்காதீர்கள்.

பதிலே போடாமல் விடுவது இன்னும் மோசம். ஆப்பில் 24 மணி நேரத்துக்குள் பதில் சொன்னீர்களா என்று கணக்கு வைக்கிறார்கள், "இல்லை" என்று அனுப்பினாலும் அது பதில்தான்.

"பக்கத்திலேயே ரெண்டாயிரத்து ஐநூறுக்கு வீடு இருக்கே" என்கிறார்கள்.

"நல்ல வீடு சார், எடுத்துக்குங்க." இதற்குமேல் ஒரு எழுத்தும் வேண்டாம். பாதிப் பேர் திரும்பி வருகிறார்கள்.

மே மாசத்தில் ரேட் ஏற்றினால் "கொள்ளை அடிக்கிறீங்க" என்று திட்டு வாங்குகிறேன்.

நானும் வாங்குகிறேன். மே மாசம் எங்கள் பக்கம் தண்ணீர்த் தட்டுப்பாடு, லாரித் தண்ணீர் வாங்க வேண்டும், வருகிறவர்களோ மதுரை, சென்னை வெயிலிலிருந்து தப்பி வந்த வேகத்தில் ரெண்டு வேளை குளிப்பார்கள். சலவைக்காரரும் சீசன் ரேட்தான் வாங்குகிறார். இது பாதிக் காரணம். மீதி, மழை மாசங்களில் வீடு காற்று வாங்கும்போது அந்த 26,000 எங்கிருந்து வரும்? சீசனில் சேர்த்ததிலிருந்துதான்.

இதையெல்லாம் அவரிடம் சொல்ல மாட்டேன். ஏப்ரல், மே, பூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை என்ன ரேட் என்று வருஷ ஆரம்பத்திலேயே ஆப்பில் போட்டு வைத்துவிடுவேன். எழுதி ஒட்டிய விலையோடு ஜனங்கள் குறைவாகத்தான் சண்டை போடுகிறார்கள், போனில் வாயால் சொல்கிற விலைதான் வம்பு.

சொந்தக்காரர்களை எப்படிச் சமாளிப்பது?

இதற்குத்தான் நான் அதிகம் பாடுபட்டேன். "நம்ம வீடுதானேம்மா, நாங்க ஒரு பத்துப் பேர் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறோம்" என்று சித்தப்பா மே மாசம் இரண்டாவது சனிக்கிழமைக்குக் கேட்பார். காசு கேட்டால் அடுத்த கல்யாண வீடு வரைக்கும் பேச்சு ஓடும், கேட்காவிட்டால் 15,000 போச்சு.

இப்போது ஒரு ஏற்பாடு. ஜூலை, ஆகஸ்ட்டில் வாரநாட்களில் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் இலவசம், சலவைக்கும் அண்ணனுக்கும் மட்டும் அவர்கள் கையால் கொடுத்துவிட வேண்டும். இதை யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது சத்தமாகச் சொல்லிவிட்டேன். "ஆடி மாசம் வாங்க சித்தப்பா, மேகமெல்லாம் வாசலுக்கே வரும், பைசா வேண்டாம்." மே மாசம் கேட்டால் "ஃபுல் சித்தப்பா." அது பொய்யாக இருக்கக் கூடாது என்பதற்காகவே மார்ச்சிலேயே மே மாசத்தை நிரப்பிவிடுகிறேன்.

"ஆப்பில் வேண்டாம், நேரா ஜிபே பண்றேன், கமிஷனை ரெண்டு பேரும் பாதி பாதி எடுத்துக்கலாம்" என்கிறாரே?

ஆசையாகத்தான் இருக்கும். ஆப் வழியாக வந்தவரிடம் வெளியே பணம் வாங்குவது அவர்கள் விதிக்கு எதிரானது, உங்கள் வீட்டைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடலாம். அதோடு, அவர் டிவியை உடைத்தால் ஆப்பில் நஷ்ட ஈடு கேட்கவும் முடியாது. சில நூறு ரூபாய்க்காக ஏழு வருஷ ரிவ்யூக்களைப் பணயம் வைக்க நான் தயாரில்லை. போனில் நேராகக் கூப்பிட்டு வருகிறவர்கள் வேறு, அவர்களிடம் பாதி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ரசீது அனுப்புவேன்.

"ரெண்டு பேமிலிதான்" என்று சொல்லிவிட்டு பதினொரு பேர் வந்து இறங்கினார்கள்.

பேமிலி என்பது ஒரு அளவே இல்லை. தலை எண்ணிக்கை கேளுங்கள், குழந்தைகளைச் சேர்த்து. "குழந்தைங்களை எல்லாம் கணக்குல சேர்ப்பீங்களா?" என்பார்கள். பதினாறு வயதுக் "குழந்தை" ரெண்டு பேருக்கான வெந்நீரைக் காலி செய்வதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வயது வரை இலவசம், அதற்கு மேல் ஆள்தான் என்று மெசேஜிலேயே எழுதிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: டிரைவர் உண்டா? டெம்போ டிராவலரில் வருகிறவர்கள் டிரைவரைக் கணக்கில் சொல்லவே மாட்டார்கள். கொடைக்கானல் ஏழாயிரம் அடி. ஜனவரி ராத்திரியில் ஒரு மனுஷனை வண்டிக்குள் படுக்கச் சொல்ல யாருக்கு மனசு வரும்? எங்கள் ஷெட்டை ஒட்டி ஒரு கட்டிலும் ரெண்டு கம்பளியும் போட்டேன், அதற்கு 300. விருந்தினர் பேரம் பேசினால் மற்றதில் குறைப்பேனே ஒழிய, டிரைவருக்கு இடம் இல்லாமல் விட மாட்டேன்.

பேரமே பேசாமல் உடனே பணம் அனுப்புகிறேன் என்கிறார் ஒருவர். சந்தோஷப்படலாமா?

பயப்படுங்கள். பேரம் பேசுகிறவர் பெரும்பாலும் நிஜ மனுஷர். ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, யூனிபார்ம் போட்டோவும் அடையாள அட்டையும் அனுப்பி, "பத்து நாளைக்கு மொத்தமா புக் பண்றேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, அட்வான்ஸ் வந்துடும்" என்பது பழைய மோசடி. பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம்.

இன்னொரு வகை: 2,000 அனுப்புவதற்குப் பதில் 20,000 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று அழுகை. பணம் வந்ததாக எஸ்எம்எஸ்ஸும் இருக்கும், அந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்பியவரே அவர்தான். வங்கி ஆப்பைத் திறந்து பேலன்ஸ் பாருங்கள். எனக்கு இப்படி வந்தபோது அவசரத்தில் அனுப்பப் போனேன், நெட் சிக்னல் இல்லாததால் தப்பித்தேன். மலைப் பயணத்தில் சிக்னல் இல்லாததற்கு நன்றி சொன்னது அந்த ஒரு நாள்தான்.

இன்ஸ்டாவில் நாற்பதாயிரம் பேர் ஃபாலோ பண்றாங்க, ரெண்டு நாள் ஃப்ரீயாகக் கொடுங்க என்று கேட்கிறார்கள்.

ரெண்டு பேருக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஒருவர் வீட்டைக் காட்டவே இல்லை, தன் தொப்பியைத்தான் காட்டினார். இன்னொருவர் அழகாக வீடியோ போட்டார், அதைப் பார்த்து நாலு பேர் கூப்பிட்டார்கள், நாலு பேரும் "அவங்களுக்கு ஃப்ரீயாமே?" என்றார்கள்.

"மஷ்ரூம் கிடைக்குமா?" என்று ரகசியமாகக் கேட்கிறார்கள். "பகல்ல மூணு மணி நேரம் மட்டும் தருவீங்களா?" என்கிறார்கள்.

முதலாவதற்கு நான் போடும் பதில்: "மலைப்பூண்டு கிடைக்கும், கிலோ ரேட் அண்ணனிடம் கேளுங்க." அவர்கள் கேட்பது போதைக் காளான், போலீஸ் கேஸ் ஆகிற சமாச்சாரம், விளையாட்டாகக்கூட "பார்க்கலாம்" என்று எழுதிவிடாதீர்கள், மெசேஜ் அப்படியே இருக்கும். ரெண்டாவதற்கு, "முழு நாள் வாடகைதான் சார்."

கல்யாணம் ஆகாத ஜோடி கேட்டால்?

இதை நான் நியாயமில்லாத கேள்வியில் சேர்க்கவே மாட்டேன். அவர்கள் பயந்து பயந்துதான் கேட்கிறார்கள். கோயம்புத்தூரில் நாள் வாடகைக்கு விட்டிருந்த ஒரு கட்டடத்தை அதிகாரிகள் மூடியபோது, 2019இல் சென்னை உயர்நீதிமன்றம், திருமணமாகாத ஆணும் பெண்ணும் அறையில் தங்கத் தடைசெய்யும் சட்டம் எதுவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ரெண்டு பேரும் 18 வயது தாண்டியவர்களா என்று பார்க்க அடையாள அட்டை வாங்குங்கள், போதும். அட்டை கொடுக்கத் தயங்குகிறவர்களிடம், முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரே போதும் என்று சொல்லுங்கள். அதையும் கொடுக்காதவர், ஜோடியோ குடும்பமோ, எனக்கு வேண்டாம்.

இருபது கேள்வி கேட்டு உயிரை எடுக்கிறவர்கள்?

இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். நானும் ஆரம்பத்தில் இவர்களைத் தொல்லை என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். ஒருவர் மூன்று நாளாக மெசேஜ் போட்டார். வாசலில் எத்தனை படி? கைப்பிடி உண்டா? வெஸ்டர்ன் டாய்லெட்டா? கட்டில் உயரம் என்ன? கடைசியாக, ஒரு படியின் உயரம் எவ்வளவு இன்ச் என்று கேட்டார். எரிச்சலோடு அண்ணனிடம் சொன்னேன். அவர் டேப் வைத்து அளந்து, "ஒம்போது இன்ச் மேடம், வயசானவங்க யாரோ வர்றாங்க போல, நான் நடுவுல ஒரு கல்லுப் போட்டுடறேன்" என்றார். எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். வந்தது அவரும் முட்டி ஆபரேஷன் ஆன அம்மாவும். ரேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நாலு வருஷமாக ஒவ்வொரு செப்டம்பரும் வருகிறார்கள். அந்தக் கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

விலையைப் பற்றி இருபது கேள்வி கேட்கிறவர் வேறு, வீட்டைப் பற்றி இருபது கேள்வி கேட்கிறவர் வேறு. ரெண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடாதீர்கள்.

இ-பாஸ் கிடைக்கவில்லை, முழுப் பணத்தையும் திருப்பிக் கொடு என்கிறார்கள்.

உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். அதனால் இந்தக் கேள்வி நியாயமாகவும் வரும், சாக்காகவும் வரும். புக் செய்த அன்றைக்கே "இ-பாஸ் உங்கள் பொறுப்பு, எடுத்துவிட்டு எனக்கு ஒரு காப்பி அனுப்புங்கள்" என்று எழுதிவிடுகிறேன். ஒரு வாரத்துக்கு முன்னால் சொன்னால் அட்வான்ஸ் முழுதும் திருப்பித் தருவேன். முந்தின நாள் ராத்திரி சொன்னால் தேதி மாற்றித் தருவேன், பணம் கிடையாது. அரசு பஸ்ஸில் வந்தால் பாஸே வேண்டாம் என்று ஞாபகப்படுத்தியதில் ரெண்டு பேர் பஸ்ஸிலேயே வந்திருக்கிறார்கள்.

"பாதிப் பணம் திருப்பித் தரலைன்னா ஒரு ஸ்டார்தான்" என்று மிரட்டுகிறார்.

போனில் சொன்னால், "மெசேஜில் எழுதுங்க சார், பார்த்துச் செய்யறேன்" என்று சொல்லி எழுத வையுங்கள். ரிவ்யூவைக் காட்டிப் பணம் கேட்பது ஏர்பிஎன்பி விதிப்படி தப்பு, எழுத்தில் ஆதாரம் இருந்தால் அந்த ரிவ்யூவை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் முதலில் ஒன்று பாருங்கள், அவர் சொல்கிற குறை நிஜமா? எங்கள் வீட்டில் ஒரு தடவை கீசர் காலை முழுதும் ஓடவில்லை. அந்த மனுஷர் மிரட்டினார்தான், குறை உண்மைதான். 1,000 திருப்பிக் கொடுத்தேன், மிரட்டலுக்கு அல்ல, கீசருக்கு என்று எழுதியும் அனுப்பினேன். மூன்று ஸ்டார் போட்டார்.

இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் வெளியூர் போனால் பேரம் பேசுவீர்களா?

பேசாமல்? போன மாசம் தேக்கடியில் ஒரு வீட்டுக்கு மூன்று இரவு, செவ்வாய் முதல் வியாழன் வரை, 1,500 குறைக்கச் சொல்லிக் கேட்டேன். அந்தம்மா உடனே பதில் போடவில்லை, எந்தத் தேதி, எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்டார். 800 குறைத்து, ஒரு வேளை புட்டும் கடலையும் தருவதாகச் சொன்னார். எடுத்துக்கொண்டேன்.